விதியை காஸ்ட்டாகப் போட்டால் பிளானர் காசைக் கட்டிவிட்டு மீறுகிறது. வேறு எங்கே போடுவது?

கோடுபோட்டவன்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்குள் மருந்து, ரத்தப் பை, லேப் சாம்பிள் எல்லாம் கொண்டுபோகும் ரோபோ டிராலிகளுக்குத் திட்டம் போட்டுக்கொடுக்கும் பகுதி என் பொறுப்பு. டொமைனை (என்னென்ன இருக்கிறது, என்னென்ன செய்யலாம் என்ற விவரிப்பு) பிடிடிஎல் என்ற திட்டமிடல் மொழியில் எழுதி, ஃபாஸ்ட் டவுன்வர்டு என்ற பிளானரில் (திட்டத்தைத் தேடித் தரும் மென்பொருள்) ஓட்டுகிறேன். இப்போதைக்கு எல்லாம் சிமுலேஷன்தான். ஆறு மாடி, இரண்டு லிஃப்ட், இரண்டு டிராலி. ஒவ்வொரு ஆக்‌ஷனுக்கும் ஆகும் நொடிகளே அதன் காஸ்ட். லிஃப்ட்டுக்கு ஒரு தடவை காத்திருந்தால் 90.

போன வாரம் வந்த திட்டத்தைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டேன். இரண்டாவது டிராலியில் மருந்தே ஏற்றவில்லை. அதை முதல் டிராலியோடு லிஃப்ட்டில் ஏற்றி, ஒவ்வொரு மாடியிலும் வாசல் நடுவில் நிறுத்தி, முதல் டிராலி வார்டுக்குப் போய்த் திரும்பும் வரை கதவு மூடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதாவது ஒரு லிஃப்ட் முழுசாக எங்களுக்கே. இத்தனைக்கும் "வாசலில் பொருள் இருந்தால் கதவு மூடாது" என்ற விதியை நான் எழுதியதே யாரும் கதவில் நசுங்கக் கூடாது என்பதற்காக. அதையே பிடித்துக்கொண்டது.

சரி, லிஃப்ட்டைப் பிடித்தால் ரவுண்டுக்கு 300 அபராதம் என்று வைத்தேன். எட்டுத் தடவை காத்திருப்பது மிச்சமாகிறது, 720 நொடி. 300-ஐக் கட்டிவிட்டு 420 லாபம் பார்த்துவிட்டது. அபராதத்தை 1000 ஆக்கினேன், அடங்கியது. பிறகு மருந்து ரவுண்டையும் சாம்பிள் ரவுண்டையும் சேர்த்துக் கொடுத்த நாளில் 14 காத்திருப்பு, 1260 நொடி. மறுபடியும் வாசலில் போய் நின்றுகொண்டது.

வெறுத்துப்போய் அந்த ஆக்‌ஷனையே தடை செய்தேன். அடுத்த டெஸ்ட்டில் ஒரு லிஃப்ட் பழுது, ஐந்தாம் மாடிக்கு ரத்தப் பை போக வேண்டும், மொத்த காஸ்ட் வரம்பு 2400. பதில்: தீர்வு இல்லை. லிஃப்ட்டை ஒரு நிமிடம் பிடித்திருந்தால் முடிந்திருக்கும், அந்த இடத்தில் எந்த மனிதரும் அதைத்தான் செய்திருப்பார்.

டீம் லீட் "ஒரு லட்சம் போட்டுவிடு" என்கிறார். பக்கத்து சீட்காரர், இந்த எதிக்ஸ் சமாச்சாரத்தை எல்லாம் கடைசியில் ஒரு ஃபில்டராக வைத்துக்கொள்ளலாம் என்கிறார். இந்த மாதிரி விதி பிளானிங்கில் உண்மையில் எங்கே உட்கார வேண்டும்? கோலிலா (அடைய வேண்டிய முடிவு), காஸ்ட்டிலா, ப்ரீகண்டிஷனிலா (ஒரு செயலைச் செய்யும் முன்பே உண்மையாக இருக்க வேண்டியது), வெளியிலா?

பழைய_ஸ்ட்ரிப்ஸ்

உங்களுக்கு நடந்தது புதிதல்ல, இந்தத் துறைக்கே வயதான பிரச்சினை. 1994-இல் டேனியல் வெல்டும் ஓரன் எட்ஸியோனியும் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள், ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற அசிமோவின் முதல் விதியைத் தலைப்பில் வைத்து. அவர்களுடையது ரோபோ இல்லை, யூனிக்ஸ் கணினியில் தானாக வேலை செய்யும் மென்பொருள், சாஃப்ட்பாட் என்பார்கள். டிஸ்க் பயன்பாட்டை 90 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவா என்று சொன்னால் அது வேண்டிய ஃபைல்களை அழித்தும் கோலை முடித்துவிடலாமே, அதை எப்படித் தடுப்பது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு கோலிலும் "இதைத் தொடாதே, அதைத் தொடாதே" என்று எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் எல்லா கோலுக்கும் பொதுவாக நிற்கும் இரண்டு வகை விதியைக் கொண்டுவந்தார்கள். ஒன்று, கலைக்காதே. இன்னொன்று, கலைத்தால் முடிவதற்குள் பழையபடி வைத்துவிடு.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்குத் தேவை. லிஃப்ட்டைப் பிடிப்பது இரண்டாவது வகை மாதிரித் தெரிகிறது, விட்டுவிட்டால் பழையபடி ஆகிவிடும். ஆனால் பிடித்திருந்த பத்து நிமிடத்தில் மேலே யாராவது காத்திருந்தால் அந்தப் பத்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே முதல் வகை.

"கலைக்காதே" என்பதும் பிடிடிஎல் 3-இல் 2006 பிளானர் போட்டியை ஒட்டி வந்த "ஆல்வேஸ்" என்பதும் ஒன்று என்று நினைத்து நானே ஒருமுறை அரை நாள் தொலைத்திருக்கிறேன். "லிஃப்ட் வாசல் எப்போதும் காலியாக இருக்க வேண்டும்" என்று ஆல்வேஸ் போட்டால், தொடக்கத்திலேயே வேறு யாரோ வாசலில் பெட்டியை வைத்திருந்தால் பிளானருக்கு வழியே இல்லை. "கலைக்காதே" தொடக்க நிலையோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கும்: நீ வருவதற்கு முன்பே இருந்த குறை உன் தலையில் இல்லை, நீ புதிதாகக் கெடுக்காதே. ரோபோவிடம் நாம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஃபாஸ்ட் டவுன்வர்டு இந்த பிடிடிஎல் 3 கட்டுப்பாடுகளை நேரடியாக எடுக்காது. நீங்களே அதற்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி எழுத (கம்பைல் செய்ய) வேண்டும். செய்யவே கூடாதது ப்ரீகண்டிஷனுக்குள் போகும், முடிவில் சரியாக இருக்க வேண்டியது கோலுக்குள் போகும், "இது நடந்தால் பிறகு அது நடக்க வேண்டும்" என்ற ரகத்துக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு ஃப்ளூவன்ட் (நிலையைக் குறித்துவைக்கும் மாறி) சேர்க்க வேண்டும். மீறலாம் ஆனால் மீறாமல் இருந்தால் நல்லது என்ற ரகத்தை சாதாரண ஆக்‌ஷன் காஸ்ட்டாகவே மாற்றிவிட முடியும் என்று 2009-இல் கெய்டரும் கெஃப்னரும் காட்டினார்கள். அழகான வேலை. ஆனால் அப்படி மாற்றியதும் அது நீங்கள் பார்த்த அதே கட்டணம்தான், 300-ஐக் கட்டினால் வழி திறக்கும்.

ஒரு லட்சம் பற்றி. ஒரே ஒரு விதி இருக்கும் வரை வேலை செய்யும். நாளைக்கு "இரவில் வார்டு வழியாகச் சத்தத்தோடு போகாதே" என்று இன்னொரு விதி வரும், அதற்கும் ஒரு லட்சம் போடுவீர்கள், அப்போது இரண்டு நோயாளி தூக்கம் கெடுவதும் இரண்டு தடவை லிஃப்ட்டை மறிப்பதும் சமம் என்று உங்களை அறியாமலே சொல்லிவிட்டீர்கள். யாரும் உட்கார்ந்து முடிவு செய்யாத ஒப்பீடு அது. இன்னொன்று, லாமா (ஃபாஸ்ட் டவுன்வர்டில் உள்ள ஒரு தேடல் அமைப்பு) போட்டு முதலில் வரும் திட்டத்தோடு நிறுத்துகிறீர்களா? லாமா முதல் சுற்றில் காஸ்ட்டைப் பார்ப்பதே இல்லை. ஒரு லட்சமும் ஒன்றுதான், ஒரு கோடியும் ஒன்றுதான்.

தயிர்சாதம்

டிராலி என்று படித்ததும் தத்துவக்காரர்களின் அந்த டிராலிக் கேள்வி (ஐவரைக் காப்பாற்ற ஒருவரைப் பலி கொடுக்கலாமா என்பது) என்று நினைத்து உள்ளே வந்தேன், இங்கே நிஜ டிராலி. ஆனால் அந்தக் கேள்வி தொடங்கிய இடத்தில் உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று இருக்கிறது.

ஃபிலிப்பா ஃபுட் 1967-இல் அந்த உதாரணத்தைக் கொண்டுவந்தது இரட்டை விளைவுக் கொள்கையை உரசிப் பார்க்கத்தான். கெடுதல் ஒன்று வழியில் தானாக வந்து சேர்வது வேறு, அந்தக் கெடுதலையே கருவியாக வைத்து நீங்கள் காரியம் சாதிப்பது வேறு. கேட்க நுணுக்கமாக இருக்கிறது, ஆனால் திட்டம் என்று ஒன்று கையில் இருந்தால் இதைச் சோதித்தே பார்த்துவிடலாம். ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் லிண்ட்னர், மாட்முல்லர், நெபல் மூவரும் 2019-இல் ஒரு திட்டம் எந்த நெறிப்படி சரி, எந்த நெறிப்படி தப்பு என்று கணக்கிடுவதைப் பற்றி எழுதினார்கள். அதிலிருந்து எனக்குப் பிடித்த யோசனையை உங்கள் கேஸில் வைத்துச் சொல்கிறேன்.

வந்த திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் "கதவு திறந்தபடி மாட்டிக்கொண்டது" என்ற விளைவை மட்டும் அழித்துவிட்டு, மற்றதை அப்படியே ஓட்டுங்கள். கோல் கிடைக்கிறதா? உங்கள் திட்டத்தில் கிடைக்காது. முதல் டிராலி வார்டிலிருந்து திரும்பும்போது லிஃப்ட் போயிருக்கும், அடுத்த ஆக்‌ஷன் ஓடாது. ஆக, மற்றவர்களை மறிப்பதுதான் இங்கே வழிமுறையே. இப்போது இரவுச் சத்தத்தை எடுங்கள். சத்தம் என்ற விளைவை அழித்தால் டிராலி போய்ச் சேரும், ஒன்றும் குறையாது. அது பக்கவிளைவு. இரண்டையும் ஒரே பட்டியலில் ஆளுக்கு ஒரு லட்சம் என்று வைப்பது ஏன் உறுத்துகிறது என்றால் இதனால்தான்.

கெட்ட விளைவு ஒரே இடத்தில் வந்தால் இந்தச் சோதனை ஒரு சிமுலேஷன் ஓட்டம், அவ்வளவுதான். பல இடத்தில் வந்தால் எந்தெந்தக் கூட்டணியை அழித்துப் பார்ப்பது என்று எண்ணிக்கை இரட்டை இரட்டையாக ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறாக, "இருப்பதிலேயே மொத்த நன்மை அதிகமான திட்டமா" என்று கேட்டால், எட்டக்கூடிய எல்லா நிலைகளையும் வைத்து ஒப்பிட வேண்டும், அது பிளானிங்குக்கே சமமான கஷ்டம். பிளானிங் பிஸ்பேஸ் முழுமை (கணினிக்கு மிகக் கடினமான கணக்கு வகைகளில் ஒன்று) என்று பைலாண்டர் 1994-இலேயே காட்டியாயிற்று.

உங்கள் பக்கத்து சீட்காரரின் ஃபில்டர் யோசனையை நான் அவ்வளவு மட்டமாக நினைக்கவில்லை. சோதிப்பதற்கு ஃபில்டர் நல்லது. ஆனால் ஃபில்டர் நிராகரித்தால் அடுத்த திட்டம் எங்கிருந்து வரும்? பிளானருக்குக் காரணம் தெரியாவிட்டால் அதே திட்டத்தை இரண்டு அடி தள்ளிப் போட்டுக் கொண்டுவரும்.

புளியமரம்

எல்லாம் சரி, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மேலே பேசிய அத்தனையும் "கதவு மறிக்கப்பட்டது" என்று ஒரு ப்ரெடிகேட் (உண்மையா இல்லையா என்று குறிக்கும் சொல்) டொமைனில் இருப்பதால் பேச முடிந்தது. அது எழுதப்படாமல் இருந்திருந்தால்? ஆல்வேஸ் போடுங்கள், இரட்டை விளைவு போடுங்கள், எதன் மேல் போடுவீர்கள்?

2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பியில் ஊபரின் தானோட்டிச் சோதனைக் கார் சாலையைக் கடந்த ஒரு பெண்மேல் மோதி அவர் இறந்தார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையைப் படித்துப் பாருங்கள். மோதுவதற்கு 5.6 நொடி முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. வண்டி என்றது, வேறு ஏதோ பொருள் என்றது, சைக்கிள் என்றது, மாற்றி மாற்றிச் சொன்னது. ஒவ்வொரு தடவை பெயர் மாறும்போதும் அவர் இதுவரை எந்தப் பக்கம் நகர்ந்தார் என்ற கணக்கு புதிதாகத் தொடங்கியது. நடந்து கடக்கும் மனிதர் என்று மட்டும் சொல்லவே இல்லை. காரணம், குறுக்குக் கோடு இல்லாத இடத்தில் மனிதர் சாலையைக் கடப்பார் என்பதே அந்த அமைப்பின் வடிவமைப்பில் இல்லை. கடைசி நேரத்திலும், பொய் எச்சரிக்கைக்கு பிரேக் பிடித்துத் தொலைக்கக் கூடாது என்று ஒரு நொடி பொறுக்கும்படி வைத்திருந்தார்கள். அந்த ஒரு நொடியும் யாரோ நல்ல எண்ணத்தில் எழுதிய கட்டுப்பாடுதான்.

அதனால் விதியை எங்கே போடுவது என்பதை விட, யாரிடம் கேட்டு எழுதினீர்கள் என்பதுதான் என் கேள்வி. உங்கள் ஆறு மாடியில் லிஃப்ட்டை வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்று டொமைன் ஃபைலில் ஒரு வரியாவது இருக்கிறதா?

இரவுப்பணி

நான் ப்ரோகிராமர் இல்லை, இந்தத் தலைப்பை யாரோ பகிர்ந்ததால் வந்தேன். பதினேழு வருடம் நர்ஸ் வேலை. நீங்கள் சொல்வதில் பாதி புரிந்தது.

தம்பி, ரத்தப் பை விஷயத்தில் "தீர்வு இல்லை" என்று வந்ததைத் தோல்வி என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் வார்டில் புதுப் பெண் ஒருத்தி, "அக்கா, என்னால் அரை மணிக்குள் இதைக் கொண்டுவர முடியாது" என்று நேரத்தோடு போன் பண்ணிச் சொன்னால் நான் வேறு ஆளை அனுப்பிவிடுவேன், படியில் ஓடி எடுத்து வந்த நாளெல்லாம் உண்டு. சொல்லாமல் தானே ஏதோ செய்து சமாளிக்கிறேன் என்று இருந்துவிட்டுக் கடைசியில் வந்து நிற்பவர்களிடம்தான் எங்களுக்குப் பயம். உங்கள் மெஷின் எட்டு நொடியில் "முடியாது" என்று சொன்னது என்றால் அது யார் காதில் விழுந்தது என்று பாருங்கள்.

இன்னொன்று, லிஃப்ட்டைப் பிடிப்பதே தப்பு என்று இல்லை. தியேட்டரிலிருந்து பேஷன்ட் வருகிறார் என்றால் நாங்களும் பிடித்துத்தான் வைப்போம், ஆனால் அது யார் சொல்லிப் பிடிக்கிறோம் என்று ஒரு ஆள் இருப்பார்.

கோடுபோட்டவன்

சிஸ்டர், மிக்க நன்றி. எட்டு நொடி இல்லை, மூன்று நொடியில் சொன்னது. யார் காதிலும் விழவில்லை, லாக் ஃபைலில் விழுந்தது. அதுதான் உண்மை.

நீங்கள் சொன்னதை வைத்து நேற்று இரவே ஒன்று செய்து பார்த்தேன். "டியூட்டி நர்ஸிடம் கேள்" என்று ஒரு ஆக்‌ஷன், விளைவு "அனுமதி உண்டு", லிஃப்ட்டைப் பிடிக்க அந்த அனுமதி ப்ரீகண்டிஷன், கேட்பதற்கு காஸ்ட் 20. காலையில் பார்த்தால் ஒவ்வொரு ரவுண்டும் "கேள், பிடி" என்றே தொடங்குகிறது. 1000 ரூபாய்ச் சுங்கச்சாவடியை எடுத்துவிட்டு 20 ரூபாய்க்குத் திறந்துவிட்ட கதை.

பழைய_ஸ்ட்ரிப்ஸ்

ஆமாம், கிளாசிக்கல் பிளானிங்கில் (ஒவ்வொரு செயலுக்கும் விளைவு முன்பே நிச்சயம் என்று வைக்கும் வகை) கேட்டால் கிடைக்கும், அவ்வளவுதான். "மாட்டேன்" என்று ஒரு மனிதர் சொல்லலாம் என்பதற்கு அங்கே இடமே இல்லை. அனுமதி என்பது சாவி மாதிரி ஒரு பொருளாகிவிடுகிறது.

இரண்டு விளைவும் வரலாம் என்று எழுதி, தீர்மானமில்லாப் பிளானிங்குக்குப் போங்கள். ஆனால் அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. ஸ்ட்ராங் சைக்ளிக் திட்டம் (பலிக்கும் வரை திரும்ப முயலும் வகை) என்று தேடினால், ஒரு ஆக்‌ஷனைத் திரும்பத் திரும்பச் செய்தால் எல்லா விளைவும் என்றாவது ஒருநாள் வரும் என்ற அனுமானம் உள்ளே இருக்கும். கதவைத் திறக்க முயலும் ரோபோவுக்கு அது சரி. நர்ஸிடம் கேட்பதற்கு அதைப் போட்டால் கிடைக்கும் திட்டம்: சரி என்று சொல்லும் வரை கேட்டுக்கொண்டே இரு. சின்னப் பையன் சைக்கிள் கேட்பது மாதிரி. முறைப்படி அது சரியான தீர்வு என்பதுதான் வேடிக்கை.

ஆகவே "மாட்டேன்" வந்தால் அது அந்த ரவுண்டு முழுக்க நிற்க வேண்டும், மறுபடி கேட்கும் ஆக்‌ஷன் பூட்டப்பட வேண்டும், அந்தக் கிளையில் கோல் "மருந்து போய்ச் சேர்ந்தது" என்பதாக இல்லாமல் "போகாது என்று வார்டுக்குத் தெரிந்தது" என்பதாக மாற வேண்டும். புளியமரம் சொன்னதை நான் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை, சொல்லே இல்லாத இடத்தில் விதி வைக்க முடியாது என்பது சரி, ஆனால் சொல் கிடைத்த பிறகும் அதை எங்கே வைக்கிறோம் என்பதில் பாதி தவறு நடக்கிறது, இந்த 20 ரூபாய்க் கதையே சாட்சி.

புளியமரம்

பாதி என்று ஒப்புக்கொண்டீர்களே, அதுவே போதும்.

கோடுபோட்டவன்

நான்கு நாள் கழித்து வருகிறேன், எப்படி ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக.

லிஃப்ட் மறிப்பை ப்ரீகண்டிஷனிலேயே தடை செய்துவிட்டேன், அனுமதி வந்த கிளையில் மட்டும் திறக்கும். ரவுண்டுக்கு ஒரு தடவைதான் கேட்கலாம், "மாட்டேன்" வந்தால் பூட்டு. தீர்வு இல்லை என்றால் லாக் ஃபைலோடு நிற்காமல் வார்டு போனுக்குச் செய்தி போகிறது, எந்தப் பொருள், எத்தனை நிமிடம் தாமதம் என்பதோடு. இரவுச் சத்தம் காஸ்ட்டாகவே இருக்கிறது, அதில் எனக்குச் சங்கடம் இல்லை. தயிர்சாதம் சொன்ன அழித்துப் பார்க்கும் சோதனையை ஒவ்வொரு திட்டத்துக்கும் பின்னால் ஓட்டுகிறேன், தேறாதவை என் திரைக்கு வருகின்றன. ஒரு லட்சம் வேண்டாம் என்று லீடிடம் சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், ஆனால் 1260 கணக்கைக் காட்டியதும் விட்டுவிட்டார்.

இனி நேற்று வந்த திட்டம். வாசலில் நிற்க முடியாது என்றதும் இரண்டாவது டிராலி முன்கூட்டியே அடுத்த மாடிக்குப் போய் லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டு நிற்கிறது. முதல் டிராலி வேலையை முடித்து வரும்போது லிஃப்ட் தயாராக இருக்கிறது. கதவை மறிக்கவில்லை, அனுமதி கேட்கவில்லை, என் சோதனையிலும் தேறிவிட்டது. இது தப்பா இல்லையா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இரவுப்பணி

எங்கள் வார்டு பாய் தினமும் அதைத்தான் செய்கிறார் தம்பி, ஒருவரை மேலே அனுப்பிப் பட்டனை அழுத்தச் சொல்வது. யாரும் திட்டியதில்லை. ஆனால் ஸ்ட்ரெச்சரோ கட்டிலோ வந்து நின்றால் அவர் ஒதுங்கிக்கொண்டு அந்த லிஃப்ட்டைக் கொடுத்துவிடுவார், சொல்லவே வேண்டாம். உங்கள் வண்டி கொடுக்குமா?

கோடுபோட்டவன்

சிஸ்டர், டொமைன் ஃபைலைத் திறந்து தேடினேன். டிராலி இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, மருந்து, சாம்பிள், ரத்தப் பை, வார்டு, பட்டன் எல்லாம் இருக்கின்றன. ஸ்ட்ரெச்சர் என்று ஒரு வரிகூட இல்லை. இன்று அதிலிருந்து தொடங்குகிறேன். லிஃப்ட்டுக்கு வருபவர்களில் வேறு யாரையெல்லாம் விட்டிருக்கிறேன் என்று நேரம் இருக்கும்போது ஒரு பட்டியல் போட்டுக்கொடுக்க முடியுமா?